பணியிடப் பயிற்சியாளர் ஆக கோர்ஸ் படிக்கலாமா? எதைப் பார்த்துச் சேர்வது?

கேள்வி (லைன்_லீடர்):

வணக்கம். அசெம்பிளி லைனில் பல வருடமாக இருக்கிறேன். புதிதாகச் சேருகிறவர்களுக்கு வேலை பழக்குவது எப்படியும் என் தலையில்தான் விழும். இப்போது மேலாளர், "அதையே முழுநேர வேலையாகப் பாருங்கள், பயிற்சியாளர் கோர்ஸுக்குக் கம்பெனியே பணம் கட்டும்" என்கிறார். கையில் மூன்று விளம்பரங்கள் இருக்கின்றன. ஒன்று முழுக்க வீடியோ. ஒன்று ஐந்து நாள் நேரடி வகுப்பு. மூன்றாவது மேடைப்பேச்சு, உடல்மொழி, ஸ்லைடு தயாரிப்பு என்று போகிறது. எனக்குக் கூட்டத்தில் பேச வராது, செய்துகாட்டத்தான் வரும். கோர்ஸில் அப்படி என்னதான் சொல்லிக்கொடுப்பார்கள்?

பதில் 1 (பழைய_ஃபிட்டர்):

நானும் ஃபிட்டராக இருந்து பயிற்சிப் பிரிவுக்கு வந்தவன். முதலில் அந்த மேடைப்பேச்சு விளம்பரத்தைத் தூக்கி ஓரமாக வையுங்கள். லைனில் உங்களைச் சுற்றி இரண்டு மூன்று பேர் நிற்பார்கள், இரைச்சலாக இருக்கும், ஸ்லைடு எங்கே போடுவது?

வேலை தெரிந்தவருக்குச் சொல்லிக்கொடுக்கவும் தெரியும் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் வேலை கைக்குப் பழகப் பழக, அதை வாயால் சொல்வது கஷ்டமாகிறது. நல்ல கோர்ஸ் இந்த இடத்தில்தான் கைவைக்கும். நான் படித்த வகுப்பில் முதல் நாளே ஒரு தாளில் மூன்று பத்தி கோடு போடச் சொன்னார்கள்: படி, அதில் கவனிக்க வேண்டியது, ஏன். நான் எடுத்துக்கொண்டது க்ளிக் வகை டார்க் ரெஞ்ச், அதாவது போல்ட்டை நாம் வைத்த அளவுக்கு இறுக்கியதும் 'க்ளிக்' என்று சத்தம் தரும் கருவி. படி என்று பார்த்தால் சின்னதுதான்: அளவை வை, பூட்டு, இழு, நிறுத்து, அளவை இறக்கு. அடுத்த இரண்டு பத்திகளில்தான் விஷயம் இருக்கிறது. கைப்பிடியின் நடுவில் பிடிக்க வேண்டும், ஏனென்றால் பிடிக்கும் இடம் மாறினால் போல்ட்டில் விழும் முறுக்கு விசையும் மாறலாம். வெடுக்கென்று இழுக்காமல் சீராக இழுக்க வேண்டும். க்ளிக் வந்ததும் கை நிற்க வேண்டும், ஏனென்றால் அந்தச் சத்தம் நமக்குத் தகவல் சொல்லுமே தவிர ரெஞ்சைத் தடுத்து நிறுத்தாது. மேலும் இழுத்தால் போல்ட் கூடுதலாக இறுகும். வேலை முடிந்ததும் அளவைக் குறைந்தபட்சத்துக்கு இறக்கி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே ஸ்பிரிங் அழுத்தத்திலேயே கிடந்து அளவு பிசகும்.

பல வருடமாக அந்த ரெஞ்சைப் பிடிக்கிறவர்களிடம் இந்த "ஏன்" பத்தியை நிரப்பச் சொல்லிப் பாருங்கள், பேனா அப்படியே நிற்கும்.

இந்த முறை புதிதல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் அனுபவமில்லாதவர்களை அவசரமாகப் பழக்க வேண்டியிருந்தபோது, டி.டபிள்யூ.ஐ. (Training Within Industry, தொழிலுக்குள்ளேயே பயிற்சி) என்ற திட்டத்தில் இதை நான்கு கட்டமாக வகுத்தார்கள்: ஆளைத் தயார் செய், செய்துகாட்டு, செய்யவிடு, பின்தொடர். மொத்த வகுப்பே பத்து மணி நேரம்தான், நாளுக்கு இரண்டு மணி நேரமாக ஐந்து நாள். போருக்குப் பிறகு ஜப்பானுக்குப் போய், டொயோட்டா இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. ஆள் கற்கவில்லை என்றால் சொல்லிக்கொடுத்தவர் சொல்லிக்கொடுக்கவில்லை என்பது அவர்கள் வைத்திருந்த விதி. கேட்கக் கடுப்பாக இருக்கும், ஆனால் "அவனுக்கு மண்டையில் ஏறவில்லை" என்று நாம் தப்பித்துப் போகும் கதவை அது அடைத்துவிடுகிறது.

மூன்றாவது கட்டத்தில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். புதியவர் முதலில் பேசாமல் செய்வார், தப்பு வந்தால் அங்கேயே திருத்த வேண்டும். அடுத்த முறை கவனிக்க வேண்டியவற்றைச் சொல்லிக்கொண்டே செய்வார். அப்புறம் காரணத்தோடு சொல்லிச் செய்வார். "புரிந்ததா?" என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள், அதனால் அந்தக் கேள்விக்கு இங்கே வேலையே இல்லை.

எனவே சேரும் முன் ஒன்றைக் கேளுங்கள்: நான் எத்தனை முறை எழுந்து நின்று சொல்லிக்கொடுப்பேன், யார் பார்த்துக் குறை சொல்வார்கள்? பதில் மழுப்பலாக இருந்தால் அது வேண்டாம்.

பதில் 2 (திறன்_பிரிவு):

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். இன்னொரு சோதனை: பாடத்திட்டத்தில் கூம்புப் படம் போட்டு "படித்தால் 10 சதவீதம் நினைவிருக்கும், கேட்டால் 20 சதவீதம்" என்று இருந்தால் உஷார். அமெரிக்கக் கல்வியாளர் எட்கர் டேல் 1946-இல் வெளியிட்ட மூலக் கூம்பில் எண்ணே கிடையாது, பின்னால் வந்தவர்கள் ஒட்டியது. கண்ணால் கற்பவர், காதால் கற்பவர் என்று ஆட்களைப் பிரித்துப் பாடம் நடத்தச் சொல்வதும் அப்படித்தான். 2008-இல் நான்கு உளவியலாளர்கள் ஆய்வுகளை அலசிவிட்டு, அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதிவிட்டார்கள்.

குறிக்கோள் எழுதுவதைச் சரியாகச் சொல்லிக்கொடுக்கிறார்களா என்றும் பாருங்கள். பயிற்சிக் குறிக்கோள் எழுதுவது பற்றிப் புத்தகம் போட்ட ராபர்ட் மேகர் 1962-இல் சொன்னது இன்றும் உதவுகிறது: பயிற்சி பெற்றவர் என்ன செய்வார், எந்த நிலைமையில், எந்த அளவுக்குச் சரியாக. "டார்க் ரெஞ்ச் பற்றி அறிந்துகொள்வார்" என்று எழுதினால் எதை வைத்துச் சோதிப்பீர்கள்? "வரைபடத்தைப் பார்த்து அளவை வைத்து, உதவி இல்லாமல் எல்லா போல்ட்டையும் வரிசை தவறாமல் இறுக்குவார்" என்றால் பக்கத்தில் நின்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

லைன்_லீடர்:

நன்றி அண்ணே, நன்றி. அப்படியானால் ஐந்து நாள் நேரடி வகுப்புதான். அவர்களிடம் கேட்டேன், ஒவ்வொருவரும் தினமும் ஒருமுறை நடத்த வேண்டுமாம். ஒரு சந்தேகம்: என்னிடம் வருகிறவர்களில் என்னைவிட வயதில் மூத்தவர்கள் உண்டு. வேறு லைனில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். அவர்களை எப்படிக் கையாள்வது? முடிவில் பயிற்சி பலித்ததா என்று மேலாளருக்கு எதைக் காட்டுவது?

பதில் 3 (பழைய_ஃபிட்டர்):

மூத்தவர்களிடம் தயார் செய்யும் கட்டத்தை விடாதீர்கள், நிறைய பேர் நேராகச் செய்துகாட்டப் போய்விடுவார்கள். "இந்த வேலை உங்களுக்கு எவ்வளவு பழக்கம்?" என்று கேட்டு, அவர் சொல்வதை முழுக்கக் கேளுங்கள். தெரிந்ததை மறுபடி நடத்தாமல், இந்த லைனில் எது வேறு என்பதை மட்டும் எடுங்கள். "ஏன்" பத்தியை அவரிடமே கேட்டுப் பாருங்கள், சில சமயம் உங்கள் தாளில் இல்லாத காரணம் ஒன்று அவரிடம் இருக்கும். அதைத் தாளில் சேர்த்து எழுதிவிடுங்கள், அவர் முன்னாலேயே.

மேலாளருக்கு: வகுப்பு முடிந்ததும் நிரப்பும் கருத்துப் படிவத்தை மட்டும் நீட்டாதீர்கள். பயிற்சி பலித்ததா என்று மதிப்பிட அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959 வாக்கில் சொன்ன நான்கு படிகளில் அது முதல் படிதான்: பிடித்திருந்ததா. அடுத்தது கற்றார்களா, அதற்கடுத்தது லைனில் அப்படியே செய்கிறார்களா, கடைசியில் வேலையில் என்ன மாறியது. மூன்றாவதை நீங்களே பார்க்கலாம். பழக்கிவிட்ட ஆளை முதலில் அடிக்கடி போய்ப் பாருங்கள், பிறகு இடைவெளி விடுங்கள். நீங்கள் இல்லாத நேரத்தில் சந்தேகம் வந்தால் யாரைக் கேட்க வேண்டும் என்று பெயர் சொல்லிவிடுங்கள். நான்காவதுக்கு, கோர்ஸுக்குப் போகும் முன்பே தர ஆய்வுப் பிரிவிடம் இப்போதைய மறுவேலைக் கணக்கை (தப்பாகச் செய்து திரும்பச் செய்ய வேண்டி வந்தவை எத்தனை என்பதை) வாங்கி வையுங்கள். பிறகு கேட்டால் ஒப்பிட எதுவும் இருக்காது.