பழைய ரெமிங்டன் 700-க்கு வேறு ட்ரிக்கர் போடலாமா?

பொக்கோனோ_மலை:

வணக்கம். பென்சில்வேனியாவில் இருக்கிறேன். இந்த வருடம் எனக்கு மூன்றாவது மான் சீசன். பக்கத்து வீட்டுத் தாத்தாதான் வேட்டைக்குப் பழக்கினார். முட்டி வலி தாங்கவில்லை, இனி மலை ஏற முடியாது என்று சொல்லி, தன் ரைஃபிளை என்னிடமே விற்றுவிட்டார். ரெமிங்டன் 700, தோட்டா .30-06, வால்நட் மரத்தில் பிடிக்கட்டை. எழுபதுகளின் கடைசியில் புதிதாக வாங்கியதாம். குழலும் போல்ட்டும் (தோட்டா அறையைத் திறந்து மூடும் தண்டு) அப்படியொரு சுத்தம்.

ட்ரிக்கர்தான் சரிப்பட்டு வரவில்லை. இழுக்கும் எடையை அளக்கும் கேஜை இரவல் வாங்கிப் பத்து முறை இழுத்துப் பார்த்தேன். சராசரி ஆறரை பவுண்டு. இழுத்தால் கொஞ்சம் நகரும், நிற்கும், மறுபடி நகரும். எப்போது வெடிக்கும் என்றே பிடிபடுவதில்லை. மணல் மூட்டையில் வைத்துச் சுட்டால் 100 கஜத்தில் மூன்று தோட்டாவும் ஒன்றரை அங்குலத்துக்குள் விழுகின்றன. மரத்தில் சாய்ந்து உட்கார்ந்து சுட்டால் நாலு அங்குலம் சிதறுகிறது, அதுவும் வலப்பக்கம் கீழே.

மாற்று ட்ரிக்கர் செய்யும் டிம்னி, ட்ரிகர்டெக் இரண்டையும் பார்த்து வைத்திருக்கிறேன். எது நல்லது? ஒன்றரை பவுண்டுக்கு இறக்கலாமா? நானே மாற்ற முடியுமா?

இன்னொன்று. சேஃப்டி (தவறி வெடிக்காமல் தடுக்கும் பூட்டு) போட்டிருந்தால் போல்ட் திறப்பதில்லை. உள்ளே இருக்கும் தோட்டாவை எடுக்கச் சேஃப்டியை விலக்கியே ஆகவேண்டும். பழசானதால் இறுகிவிட்டதா? எண்ணெய் விட்டால் சரியாகுமா?

பட்டறைக்காரன்:

தம்பி, கடைசியாக எழுதினாயே, அதிலிருந்து தொடங்குவோம். உன் ரைஃபிளில் எதுவும் இறுகவில்லை. 1982-க்கு முன்பு வந்த 700-களில் சேஃப்டி போட்டால் போல்ட் பூட்டிக்கொள்ளும்படிதான் செய்தார்கள். புதருக்குள் நடக்கையில் போல்ட் தானாகத் திறந்துவிடக் கூடாது என்பதற்காக. ஆனால் அதனால், தோட்டாவை வெளியே எடுக்கும் ஒவ்வொரு முறையும், அது அறைக்குள் இருக்கும்போதே நீ சேஃப்டியை விலக்குகிறாய்.

உள்ளே இருப்பது வாக்கர் ட்ரிக்கர். அதில் ட்ரிக்கருக்கும், வெடி ஊசியைப் பிடித்து நிறுத்தும் சியருக்கும் நடுவே கனெக்டர் என்று ஒரு மெல்லிய தகடு உண்டு. அது ட்ரிக்கரோடு பொருத்தப்பட்டதில்லை, ஸ்பிரிங் தள்ளுவதால் ஒட்டி நிற்கிறது. ஒவ்வொரு முறை சுடும்போதும் ஒரு கணம் விலகித் திரும்பும். அந்த இடைவெளியில் துருவோ, காய்ந்து பிசினான எண்ணெயோ, மரத்தூளோ சேர்ந்தால் தகடு தன் இடத்துக்கு முழுதாகத் திரும்பாது. சேஃப்டி போட்டிருக்கும்வரை சியரைச் சேஃப்டியே தூக்கிப் பிடித்திருக்கும். விலக்கியதும் சியர் கீழே வந்து உட்கார இடம் இருக்காது. விரல் ட்ரிக்கரில் இல்லாமலே வெடிக்கும். ரெமிங்டன்மீது தொடுத்த வழக்குகளில் வைக்கப்பட்ட வாதம் இதுதான். தங்கள் வடிவமைப்பில் குறை இல்லை என்றே நிறுவனம் சொல்லி வந்தது.

2000-ல் மொண்டானாவில் ஒரு தாய் வேட்டை முடிந்து தோட்டாவை எடுக்கச் சேஃப்டியை விலக்கினார். அந்த 700 வெடித்து, ஒன்பது வயது மகன் இறந்துபோனான். இந்த ரைஃபிள் மேசைக்கு வரும்போதெல்லாம் எனக்கு அந்தப் பையன் நினைவுதான்.

ஆகவே மாற்று. குறி நேராவது அதோடு கூட வரும் லாபம். டிம்னி, ட்ரிகர்டெக் இரண்டிலும் அந்தத் தனித் தகடு கிடையாது. எதை வாங்கினாலும் நல்லதே. சேஃப்டி போட்டபடியே போல்ட் திறக்கும் வகைதானா என்று கடையில் கேட்டு வாங்கு. அதுவரை பழையதன் திருகுகளைத் தொடாதே. எடையைக் குறைக்கிறேன் என்று அதைத் திருகிச் சியர் பிடிமானத்தையே மயிரிழைக்குக் கொண்டுவந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வேலை பெரிதல்ல. கட்டையைக் கழற்றி, இரண்டு பின்களைத் தட்டி எடுத்தால் ட்ரிக்கர் கையோடு வரும். போல்ட் ஸ்டாப்பின் குட்டி ஸ்பிரிங் துள்ளி ஓடும், துணி விரித்துக்கொள். முதல் தடவை என்பதால் துப்பாக்கி பழுது பார்க்கும் ஒரு கன்ஸ்மித் பக்கத்தில் இருப்பது நல்லது.

ஆரஞ்சு_தொப்பி:

ஒன்றரை பவுண்டு வேண்டாம் நண்பரே, தயவுசெய்து.

நான் செய்தேன். செப்டம்பரில் ரேஞ்சில் வெறுங்கையால் சுட்டபோது அருமையாக இருந்தது. நவம்பர் கடைசியில் பனி, கையில் தடித்த உறை. பெண்மான் ஒன்று 80 கஜத்தில் வந்து நின்றது. விரலை உள்ளே வைத்தேன். உறைக்குள் விரல் தொட்டதே தெரியவில்லை, வெடித்துவிட்டது. குறுக்குக்கோடு இன்னும் தோளுக்கு வரவில்லை. வயிற்றில் பட்டது. இருட்டும்வரை இரத்தத்தடம் பார்த்துப் போனேன், மறுநாள் காலையில்தான் கிடைத்தது. அந்த மான் இரவெல்லாம் பட்ட பாட்டுக்கு நான் வைத்த எடைதான் காரணம்.

இப்போது மூன்று பவுண்டு. நீங்கள் போடும் அதே உறையோடு, காலி ரைஃபிளில் இழுத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். மூன்று பவுண்டானாலும் நடுவில் தடங்கலின்றிக் கண்ணாடி முறிவது போல விட்டால் போதும். உங்களைப் படுத்துவது எடையைவிட அந்த நகர்ந்து நிற்கும் இழுவைதான் என்று நினைக்கிறேன்.

வால்நட்_கட்டை:

மரக்கட்டை என்பதால் இரண்டு சேர்த்துக்கொள்கிறேன். புது ட்ரிக்கரின் உடல் சில கட்டைகளில் பக்கவாட்டில் உரசும். அந்த இடத்தில் மரத்தைக் கொஞ்சம் சுரண்ட வேண்டிவரும். உரசலோடு அப்படியே முறுக்கி மூடாதீர்கள், சேஃப்டி முழுதாக நகராது. கட்டையைக் கழற்றி மாட்டினால் குறி நகர்ந்திருக்கும், மறுபடி ஜீரோ பார்க்காமல், அதாவது குறிவைத்த இடத்திலேயே தோட்டா படுகிறதா என்று சுட்டுச் சரிபார்க்காமல், காட்டுக்குப் போகவேண்டாம்.

பட்டறைக்காரன்:

மாட்டியதும் சோதனை. அறை, மேகசின் இரண்டும் காலி என்று கண்ணால் பார், விரலாலும் தடவிப் பார். போல்ட்டை மூடிச் சேஃப்டி போட்டு ட்ரிக்கரை அழுத்தி இழு, விடு. பிறகு கையை எடுத்துவிட்டுச் சேஃப்டியை விலக்கு. வெடி ஊசி விழக் கூடாது. போல்ட்டை ஓங்கி அடித்து மூடு. விழக் கூடாது. அடிக்கட்டையை ரப்பர் விரிப்பில் தட்டு. விழக் கூடாது. ஒவ்வொன்றும் இருபது முறை. ஒரே ஒரு முறை விழுந்தாலும் கழற்றிவிடு. உள்ளே எண்ணெய் ஊற்றாதே, குளிரில் பசையாகும்.

பொக்கோனோ_மலை:

எல்லோருக்கும் நன்றி. சேஃப்டி விஷயத்தைப் படித்த அன்றே ரைஃபிளைப் பெட்டியில் பூட்டிவிட்டேன். கன்ஸ்மித் பக்கத்தில் உட்கார்ந்து டிம்னியை நானே மாட்டினேன், மூன்று பவுண்டு. இடப்பக்கம் மரம் உரசியது, சுரண்டினோம். சோதனைகளில் ஒரு முறைகூட விழவில்லை.

கழற்றிய பழைய ட்ரிக்கரைத் தாத்தாவிடம் காட்டி விஷயத்தைச் சொன்னேன். கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். தோட்டா எடுக்கும்போதெல்லாம் குழலை மண்ணைப் பார்த்துப் பிடிக்க அவர் அப்பா சொல்லித்தந்தாராம், காரணம் கேட்டதில்லையாம். சனிக்கிழமை ஜீரோ பார்க்க ரேஞ்சுக்குப் போகிறேன், அவரும் வருகிறார்.