சீனி ஊட்டும் உயிர்வடிகட்டியில் நைட்ரைட் ஏறுவது ஏன்?

கேள்வி
வணக்கம். சுங்கை தெங்கா வட்டாரத்தில், நீரை மறுசுழற்சி செய்து நன்னீர் மீன் வளர்க்கும் சிறு பண்ணையில் பணிபுரிகிறேன். நைட்ரேட்டைக் குறைப்பதற்காக, செராமிக் உருண்டைகள் நிரப்பிய மூடிய வடிகட்டியில், நைட்ரேட்டை முதலில் நைட்ரைட்டாகவும் பின் நைட்ரஜன் வாயுவாகவும் மாற்றும் பாக்டீரியாவுக்குக் கார்பன் உணவாகச் சீனிக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுகிறோம். வெளிவரும் நீரில் நைட்ரேட் குறைந்தாலும், மீன்களுக்கு நஞ்சான நைட்ரைட் ஏறுகிறது. தடித்த சளி அடைத்துக்கொள்வதால் அடிக்கடி கழுவவும் வேண்டியுள்ளது. சீனியைக் கூட்டுவதா, வேறு கார்பன் மூலத்துக்கு மாறுவதா? மீன்களை நினைத்தால் மிகவும் கவலையாக இருக்கிறது.

பதில் 1
கூட்டுவதற்கு முன் கணக்கைச் சரிபாருங்கள். உங்கள் சோதனைக் கருவி காட்டுவது நைட்ரேட்டின் அளவா, அதிலுள்ள நைட்ரஜனின் அளவா? 62 மில்லிகிராம் நைட்ரேட்டில் 14 மில்லிகிராம்தான் நைட்ரஜன். ஊட்டும் அளவுக்கான சூத்திரங்களோ பெரும்பாலும் நைட்ரஜனைக் கொண்டு எழுதப்பட்டவை. கார்பன் மூலமாகப் பலர் ஊட்டும் மெத்தனால் என்ற ஆல்கஹால் என்றால், 1 கிராம் நைட்ரேட் நைட்ரஜனை நீக்க ஏறத்தாழ 2.5 கிராம் தேவை. பலர் மறந்துவிடுவது ஆக்சிஜனை. பாக்டீரியா நைட்ரேட்டைத் தொடுமுன் கரைந்துள்ள ஆக்சிஜனையே பயன்படுத்தும் என்பதாலும், 30 பாகை வெப்பத்தில் நன்கு காற்றூட்டிய நன்னீரில் லிட்டருக்கு 7.5 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜன் இருப்பதாலும், அதைத் தீர்க்க மட்டுமே சுமார் 6.5 மில்லிகிராம் மெத்தனால் செலவாகிவிடும்.

பதில் 2
மேலே சொன்ன கணக்குடன் சீனியின் இயல்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சீனியைப் பலவகை பாக்டீரியாக்களும் உண்ணும். அவற்றுள் பல, நைட்ரேட்டை நைட்ரைட்டாக்குவதோடு நின்றுவிடுபவை. சீனியிலுள்ள கார்பனில் பெரும்பங்கு அவற்றின் வளர்ச்சிக்கே போவதால்தான் இவ்வளவு சளி. மெத்தனாலில் சளி குறைவு. ஆனால் அதை உண்ணும் தனிவகை பாக்டீரியா நிலைபெறப் பல வாரங்கள் ஆகும், மெத்தனாலோ நஞ்சு, எளிதில் தீப்பற்றவும் செய்யும். சிறு பண்ணைக்கு, விலை கூடினாலும், வினிகர் அமிலத்தின் உப்பான சோடியம் அசிட்டேட்டையே நான் பரிந்துரைப்பேன். பாக்டீரியா அதற்கு விரைவில் பழகிக்கொள்ளும். ஆனால் நைட்ரேட்டை முற்றிலும் தீர்க்க முயல வேண்டாம். மிஞ்சிய கார்பன் தொட்டிக்குப் போய் மீன்களின் ஆக்சிஜனைக் குறைக்கும். நைட்ரேட் தீர்ந்த இடத்தில் நீரிலுள்ள சல்பேட், நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்பைடாக மாறவும் கூடும்.

கேட்டவர்
எங்கள் கருவி நைட்ரேட்டையே காட்டுகிறது. அதை நைட்ரஜன் என்று எண்ணி, நான்கு மடங்குக்கும் மேலாக ஊட்டியிருக்கிறோம். உடனே குறைத்துவிட்டு, அசிட்டேட்டுக்கு மாறுகிறேன். இருவருக்கும் மிக்க நன்றி.

பதில் 2
மாற்றும் நாட்களில் வெளிவரும் நீரைத் தொட்டிக்குத் திருப்பாமல், நைட்ரைட் இறங்கும்வரை வடிகட்டிக்குள்ளேயே சுற்றவிட்டு, நாள்தோறும் அளந்து பாருங்கள்.