புதுப்பிப்பு: சீன எழுத்துத் தட்டச்சு – பின்யினா, வூபியா?

கணினியில் சீனம் தட்ட, ஒலியை ஆங்கில எழுத்துகளில் அடித்து, வரும் பட்டியலிலிருந்து சீன எழுத்தைத் தேர்ந்தெடுக்கும் பின்யின் முறை போதுமா, வூபியும் கற்க வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பின்யினிலேயே தொடர்கிறேன். எழுத்தின் வடிவத்தைப் பிரித்துத் தட்டும் வூபி வேகமானதுதான், ஆனால் உச்சரிப்பைப் பழக்காது. கற்பவருக்கு அதுதானே முதலில் வேண்டும்!

எனக்குப் பெரிய மாற்றம் தந்தது, தனி எழுத்தாகத் தட்டாமல் முழுச் சொல்லாக, முடிந்தால் வாக்கியமாகவே தட்டுவது. 'ஷி' என்று மட்டும் அடித்தால் ஒரே ஒலியுள்ள எழுத்துகள் பக்கம் பக்கமாக வரும். அடுத்த அசையையும் சேர்த்து அடித்தால் வேண்டியது பெரும்பாலும் முதலிலேயே நிற்கும்.

அப்புறம், பின்யினில் மேலே இரு புள்ளி வைத்த 'யூ'வுக்கு (ü) 'வி' (v) விசை. ஷிஆன் (xi'an) நகரப் பெயரில் இரண்டு அசைகளுக்கு நடுவே ஒற்றை மேற்கோள் குறி போடுங்கள். இல்லாவிட்டால் ஒரே அசையாகச் சேர்ந்து வேறு எழுத்துகள் வரக்கூடும்.

கையால் எழுதும் பயிற்சியையும் விடவில்லை. பட்டியலில் பார்த்துத் தேர்ந்தெடுப்பதால் மட்டும் கோடுகளின் வரிசை மனதில் பதிவதில்லை.