இன்சுலின் பம்ப் கெனியூலா மடங்குகிறது: ஸ்டீல் ஊசி செட் எங்கே கிடைக்கும்?

மகளுக்கு 13 வயது, டைப் 1 நீரிழிவு. ஹட்டனில் இருக்கிறோம், கிளினிக் கண்டியில். இரவில் லான்டஸ் (நீண்ட நேர இன்சுலின்), சாப்பாட்டுக்கு நோவோராபிட் (விரைவு இன்சுலின்) என்று ஊசியில் இருந்தவளைச் சித்திரைப் புத்தாண்டு முடிந்ததும் பம்புக்கு மாற்றினோம். இப்போது நோவோராபிட் மட்டும்.

செட் (பம்பிலிருந்து உடம்புக்கு இன்சுலின் கொண்டுபோகும் குழாய்) மாற்றிய அன்று நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டாம் நாள் இரவு சீனி 300-ஐத் தாண்டுகிறது, பம்பில் திருத்த டோஸ் கொடுத்தாலும் இறங்குவதில்லை. குமட்டுகிறது என்பாள், கீட்டோனும் (இன்சுலின் போதாதபோது இரத்தத்தில் சேரும் அமிலம்) ஏறியிருக்கும். கழற்றிப் பார்த்தால் தோலுக்குள் இறங்கும் அந்த மெல்லிய பிளாஸ்டிக் குழாய், கெனியூலா, நுனியில் மடங்கியிருக்கும். ஒட்டின் உள்பக்கம் ஈரம், இன்சுலின் வாசனை. அலாரம் அடிப்பதே இல்லை. உடம்பில் நீண்ட நேர இன்சுலின் இல்லாததால் சில மணி நேரத்திலேயே நிலைமை மோசமாகிறது. பேனாவால் ஊசி போட்டு, புது செட் மாட்டிச் சமாளிக்கிறோம்.

வயிற்றிலிருந்து இடுப்புக்கு இடம் மாற்றினோம். புது இன்சுலின் குப்பி திறந்தோம். டொக்டர் பேசல் அளவை (பம்ப் நாள் முழுக்கக் கொடுக்கும் அடிப்படை இன்சுலின்) கூட்டினார். கெனியூலா மடங்காத இரவில் சீனி அளவுக்கு மீறி இறங்கிவிட்டது, அதனால் பழைய அளவுக்கே வந்துவிட்டோம். இந்த மழைக்கு ஒட்டு விடுகிறதோ என்று மேலே டேப்பும் ஒட்டினோம், சரிவரவில்லை.

பிள்ளை ஒல்லி. செட் 9 மி.மீ, நேராக இறங்கும் வகை. 6 மி.மீ ஸ்டீல் ஊசி செட் போட்டுப் பார்க்கச் சொன்னார் தாதி. பம்ப் கொடுத்தவர்களிடம் அது இல்லை, "ஓடர் போட்டுப் பார்க்கலாம்" என்கிறார்கள் (அந்தப் "பார்க்கலாம்" எத்தனை மாதமோ). எங்களுடையது லூயர் இணைப்பு (திருகி மாட்டும் வகை).

லூயர் இணைப்புக்குப் பொருந்தும் 6 மி.மீ ஸ்டீல் செட்டை கண்டியிலோ கொழும்பிலோ எங்கே வாங்குகிறீர்கள்?