கதிர்வீச்சுச் சிகிச்சைக்குப் பின் வாய் வறட்சி: பினாங்கில் மென்மையான பற்பசை எங்கே கிடைக்கும்?

அனைவருக்கும் வணக்கம். தொண்டைப் புற்றுநோய்க்காக என் அம்மா பெற்ற கதிர்வீச்சுச் சிகிச்சை முடிந்து மூன்று மாதங்கள் ஆகின்றன. உமிழ்நீர்ச் சுரப்பிகள் பாதிக்கப்பட்டதால் நாக்கு காய்ந்து அண்ணத்தோடு ஒட்டிக்கொள்கிறது; தோசையைக்கூடச் சாம்பாரில் நன்றாக ஊறவைத்தால்தான் அவரால் விழுங்க முடிகிறது.

வழக்கமான புதினாப் பற்பசை பட்டவுடன் எரிச்சலில் கண் கலங்கிவிடுகிறார். உமிழ்நீர் குறைந்தால் பற்கள் விரைவில் சொத்தையாகும் என்பதால் ஃபுளோரைடைக் கைவிடவும் முடியாது. ஆகவே, நுரை உண்டாக்கும் சோடியம் லாரில் சல்பேட் சேராத, காரமற்ற, ஆனால் 1450 பிபிஎம் (பத்து லட்சத்துக்கு 1450 பங்கு) அளவு ஃபுளோரைடு உள்ள பற்பசையையும், ஆல்கஹால் கலக்காத வாய் கொப்பளிக்கும் திரவத்தையும் தேடி வருகிறேன். மருந்தகம் ஒன்றில் 'மென்மையானது' என்று கொடுத்த புட்டியில் ஆல்கஹால் இருப்பதை வீட்டுக்கு வந்து லேபிளைப் படித்த பிறகே கண்டேன். அம்மா அதற்குள் ஒரு மடக்கு வாயில் ஊற்றிவிட்டிருந்தார். தற்போது வெதுவெதுப்பான நீரில் சிறிது உப்பும் சமையல் சோடாவும் கலந்து கொப்பளிக்கிறார்.

இரவில் பூசிக்கொள்ளும் பயோட்டீன் போன்ற ஈரப்பத ஜெல்லைப் பயன்படுத்தியவர்கள் இருந்தால், அது எவ்வளவு நேரம் தாங்குகிறது, ஜார்ஜ்டவுனிலோ பட்டர்வொர்த்திலோ எங்கே என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பதைத் தயவுசெய்து தெரிவியுங்கள். எதையும் பல் மருத்துவரிடம் காட்டிய பிறகே அம்மாவுக்குக் கொடுப்பேன்.