சேஃப்கார்டிங், இன்குளூஷன்: தமிழில் எப்படிச் சொல்வது? (வெள்ளிக்குள் வேண்டும்)

முல்லை எழுதியது:

வணக்கம். அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். தடகளப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு துண்டறிக்கை தயாரிக்கிறோம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம், பெண்களையும் சிறாரையும் காக்க 'சேஃப் ஸ்போர்ட்ஸ்' கொள்கை வேண்டும் என்கிறது. அதை எளிய தமிழில் சொல்லவேண்டும்.

"பாதுகாப்பான விளையாட்டு" என்று முதலில் போட்டேன். படித்துப் பார்த்த ஓர் அம்மா, "முட்டிக்குப் போடுற பேடெல்லாம் நாங்களே வாங்கணுமா டீச்சர்?" என்று கேட்டார். அவர் புரிந்துகொண்டதில் தப்பே இல்லை. நான் சொல்ல வந்தது வேறு. பயிற்சியாளர் பிள்ளையைத் தனியாகக் கூப்பிடுவது, ராத்திரியில் போனில் செய்தி அனுப்புவது, எடை குறையட்டும் என்று பட்டினி போடுவது, இதெல்லாம் நடக்காமல் பார்த்துக்கொள்வது. இதைத்தான் ஆங்கிலத்தில் சேஃப்கார்டிங் என்கிறார்கள். இதற்கு ஒரு சொல் தாருங்கள்.

பொருநை எழுதியது:

அம்மா, 'பாது' வேண்டாம், 'காப்பு' போதும். 'விளையாட்டுக் காப்பு' என்று வையுங்கள். கா என்பது ஓரெழுத்து ஒருமொழி. சோலைக்கும் கா என்றே பெயர். வேலியிட்டுக் காத்ததால் வந்த பெயர் என்பது என் கருத்து. காவுதல் என்றால் தோளில் சுமத்தல். காவடியும் அந்த வழியில் வந்ததே. சுமப்பதும் காப்பதும் ஒரே வேர் என்றால் பயிற்சியாளருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஏது? கா விரிந்து செல்வதால் காவிரி என்பாரும் உண்டு. அதைப் பற்றித் தனி மடலில் எழுதுகிறேன்.

கொற்கை எழுதியது:

பொருநை ஐயா, காவிரிவரை போகவேண்டாம், குறளோடு நிற்போம். "சிறைகாக்கும் காப்பெவன் செய்யும் மகளிர் நிறைகாக்கும் காப்பே தலை." 57-ஆம் குறள். வெளிக்காவலால் பயனில்லை, பெண் தன்னைத் தானே காத்துக்கொள்வதே மேல் என்கிறது. நமக்கு வேண்டிய பொருளுக்கு இது நேர் எதிர். 2023-ல் மல்யுத்த வீராங்கனைகள் பாலியல் தொல்லைப் புகாரோடு டெல்லி ஜந்தர் மந்தரில் வந்து உட்கார்ந்தபோதும் "இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?" என்று அவர்களைத்தான் கேட்டார்கள். காவல் நிலையத்தில் 'காப்பு மாட்டுவது' என்றால் என்னவென்று எல்லாருக்கும் தெரியும். பாதுகாவல் என்ற பொருளில் 'ஏமம்' என்ற நல்ல சொல் இருக்கிறதே. நாட்டுக்கு அணியானவை ஐந்து என்று சொல்லும் குறளில் ஏமமும் ஒன்று. 'விளையாட்டு ஏமம்' என்பது என் பரிந்துரை.

நெய்தல் எழுதியது:

அக்கா, ஏமம் என்றால் என் அம்மாவுக்கு ஏமாற்றம்தான் நினைவுக்கு வரும். 2012-ல் சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வந்தது. அதற்குத் தமிழ்க் கலைச்சொல் எதுவும் மக்களிடம் பரவவில்லை. இன்று ஊர்ப் பெரியவர்கூட "போக்சோல போட்ருவாங்க" என்கிறார். 'சேஃப் ஸ்போர்ட்ஸ்' என்றே போட்டு, கீழே இரண்டு வரி விளக்கம் தந்தால் என்ன?

பொருநை எழுதியது:

தம்பி, ஏமாறுதலும் ஏமத்தில் பிறந்ததுதான் என்பது என் எண்ணம். காவல் மாறினால் ஏமாறுதல். எனவே ஏமம் தவறில்லை என்று இப்போது எனக்கே தோன்றுகிறது. ஆனால் போக்சோவைப் பழகிக்கொண்டது தண்டனைக்குப் பயந்து. தண்டனைக்கு முந்திய நிலைக்கல்லவா நாம் சொல் தேடுகிறோம்?

முல்லை எழுதியது:

சரி, அது ஒரு பக்கம் இருக்கட்டும். யாரையும் ஒதுக்காமல் எல்லாரையும் சேர்த்துக்கொள்வதை இன்குளூஷன் என்கிறார்களே, அதற்கு என்ன செய்வது? எல்லா இடத்திலும் 'உள்ளடக்கிய' என்றே இருக்கிறது.

கொற்கை எழுதியது:

அந்தச் சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. அதில் 'அடக்கு' இருக்கிறது. யாரோ உள்ளே இருந்துகொண்டு மற்றவரை உள்ளே விடுவதுபோல் ஒலிக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையைக் காட்டிப் பதக்கத்தைப் பறித்தார்கள். அவர் ஏற்கெனவே உள்ளேதான் இருந்தார், ஓடி வென்றார். பிறகு வெளியே தள்ளினார்கள். அவருக்கு நேர்ந்ததை 'உள்ளடக்கம்' சொல்லுமா? 'எல்லார்க்குமான' என்பது போதும்.

நற்றிணை 68-ஐயும் பாருங்கள். ஆயத்தோடு, அதாவது தோழியர் கூட்டத்தோடு, சேர்ந்து ஓரை என்னும் விளையாட்டை ஆடாமல் இளையோர் வீட்டில் அடைந்து கிடப்பது "அறனும் அன்றே ஆக்கமும் தேய்ம்" என்கிறது. விளையாட விடாமல் வைப்பது அறமில்லை என்று எவ்வளவு நேராகச் சொல்லியிருக்கிறார்கள்!

பொருநை எழுதியது:

அருமை! அப்படியானால் 'ஆயம்' என்றே வைக்கலாமே. தோழமைக் கூட்டம்தானே ஆயம். 'ஆயப்படுத்தல்'.

நெய்தல் எழுதியது:

ஐயா, ஆயம் என்றால் இன்று ஆயத்தீர்வை. விளையாட்டு ஆளுகைச் சட்டம் அமைக்கும் தீர்ப்பாயத்திலும் ஒரு ஆயம் இருக்கிறது. பெற்றோர் வரி கட்டச் சொல்கிறோம் என்று நினைத்துவிடுவார்கள்.

இன்னொன்று. 2025 ஜூலையில் அமைச்சரவை ஒப்புக்கொண்ட கொள்கையின் பெயர் 'கேலோ பாரத் நீதி'. இந்தியில் நீதி என்றால் கொள்கை, நமக்கோ நியாயம். தமிழில் படிப்பவர் வேறொன்றைப் படிக்கிறார். துண்டறிக்கையில் 'விளையாட்டுக் கொள்கை' என்று எழுதுங்கள்.

முல்லை எழுதியது:

இன்று வியாழன். இரவு பத்து மணிக்கு அச்சகத்துக்கு அனுப்புகிறேன். நேற்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் மூன்று சொற்களையும் எழுதிக் காட்டினேன். ஏமம் யாருக்கும் தெரியவில்லை. 'விளையாட்டுக் காப்பு' என்றதும் கையில் கட்டும் காப்பு என்றார்கள். காப்போடு கடமையைச் சேர்த்து 'காப்புக் கடமை' என்று நானே எழுதியபோது ஒரு பிள்ளை, "யாரோட கடமை மிஸ்?" என்று கேட்டாள். மூன்று நாளாக நான் தேடியது அந்தக் கேள்வியைத்தான். 'பயிற்சியாளரின் காப்புக் கடமை' என்று தலைப்பு வைக்கிறேன். இன்குளூஷனுக்கு 'எல்லார்க்குமான விளையாட்டு'. அடியில் குழந்தைகள் உதவி எண் 1098 பெரிய எழுத்தில். நால்வரில் மூவராவது சம்மதிப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நெய்தல் எழுதியது:

சம்மதம். 'பயிற்சியாளர்' என்றால் வண்டி ஓட்டுநரும் விடுதிக் காப்பாளரும் விட்டுப்போகிறார்களே. உள்ளே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

பொருநை எழுதியது:

சம்மதம். கடமை சேர்ந்ததும் காப்புக்கு உயிர் வந்துவிட்டது. 'காப்புக் கடமை'யில் 'க்' ஒற்று மிகும், அச்சில் விட்டுவிடாதீர்கள்.

கொற்கை எழுதியது:

'எல்லார்க்குமான' என்பதற்கு நன்றி முல்லை. ஆனால் காப்புக்கு என் மறுப்பு அப்படியே இருக்கிறது. காக்கப்படுபவள் என்ற இடத்திலேயே அந்தப் பிள்ளையை அது நிறுத்துகிறது. அவளுக்கு உரிமை உண்டு என்று சொல்லவில்லை. அடுத்த பதிப்புக்குமுன் 'தீங்கிலா விளையாட்டு உரிமை' என்பதையும் அதே வகுப்பில் எழுதிக் காட்டுங்கள். அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று இங்கே வந்து சொல்லுங்கள்.