காடைக் குஞ்சுகள் மூன்றாம் நாளிலிருந்து சாகின்றன, தொப்புள் ஈரமாக இருக்கிறது

நிலாவெளிக் காடை:
வணக்கம். வீட்டுக்குப் பின்னால் சிறிதாகக் காடை வளர்க்கிறேன். போன கிழமை இன்குபேட்டரில் 60 குஞ்சு பொரித்தது, மூன்றாம் நாளிலிருந்து ஒவ்வொன்றாகச் செத்து இன்று காலை வரை 23 போய்விட்டது. பல்புக்குக் கீழே குவிந்து நிற்கின்றன, வயிறு ஊதியிருக்கிறது, தொப்புள் காயாமல் கறுத்திருக்கிறது, செத்ததைத் தூக்கினால் கெட்ட நாற்றம். மழைக்குளிர் என்று நினைத்து இன்னொரு பல்பு போட்டேன், சாவு நிற்கவில்லை. மகள் கொஞ்சிக் கொஞ்சி வளர்த்தவை, பார்க்கவே முடியவில்லை. ஏதாவது அன்டிபயோட்டிக் வாங்கித் தண்ணீரில் கலக்கலாமா?

மூதூர் அண்ணை:
தம்பி, முட்டையை வைக்க முன்னர் கழுவினீர்களா?

நிலாவெளிக் காடை:
ஓம் அண்ணை, எச்சம் பட்டிருந்ததால் கிணற்றுத் தண்ணீரில் கழுவித்தான் வைத்தேன்.

மூதூர் அண்ணை:
அங்கேதான் பிழைத்திருக்கும். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் முட்டைக்குள் இருப்பது சுருங்கும், அப்போது ஓட்டின் நுண்துளைகள் வழியே அழுக்கோடு கிருமியும் உள்ளே இழுபடும். நீங்கள் சொல்வது தொப்புள் அழற்சி மாதிரி இருக்கிறது, பெரும்பாலும் ஈ.கோலை போன்ற பக்டீரியாதான், வயிற்றுக்குள் மஞ்சட்கரு கரையாமல் அழுகுவதால்தான் அந்த நாற்றம். இந்த நிலைக்கு வந்த குஞ்சு மருந்தால் பிழைப்பது அரிது, அதனால் கண்டதையும் கலக்க வேண்டாம். நோயானதை உடனே பிரித்து வையுங்கள். முதல் கிழமை 35 முதல் 37 பாகை சூடு வேண்டும், குவிந்து நிற்கின்றன என்றால் அவற்றுக்குச் சூடு போதவில்லை. அடுத்த முறை அழுக்கு முட்டையை வைக்கவே வேண்டாம், இன்குபேட்டரையும் ஒவ்வொரு பொரிப்புக்குப் பிறகும் கழுவிக் காயவிடுங்கள்.

தம்பலகாமம் அக்கா:
அண்ணை சொன்னது சரி, ஆனால் பார்வையை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். பின்பக்கத்தில் வெள்ளையாக எச்சம் ஒட்டியிருந்தால் புல்லோரம் என்ற சல்மொனெல்லா நோயாகவும் இருக்கலாம், அது தாயிடமிருந்து முட்டை வழியாகவே வரும், அப்படியென்றால் தாய்க் காடைகளையும் சோதிக்க வேண்டும். அன்று செத்த இரண்டு மூன்றைப் பையில் கட்டி, ஐஸ் போட்டு மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள், உறைய விடாதீர்கள்.

தப்பியவற்றைப் பழைய மரத்தூளில் விடவும் வேண்டாம். எனக்கு ஒருமுறை நாலு கிழமைக் குஞ்சுகள் கண்ணை மூடிக் கூனிக்கொண்டு, வெள்ளையாய்த் தண்ணீர் போலக் கழித்து, இரண்டே நாளில் பாதிக்கு மேல் போய்விட்டன. வெட்டிப் பார்த்த வைத்தியர் குடல் முழுக்கப் புண், ஈரலில் மஞ்சள் திட்டு என்றார். குளொஸ்ட்ரிடியம் கொலினம் என்ற பக்டீரியாவால் வருவது, காடைநோய் என்றே அதற்குப் பெயர், அந்தப் பக்டீரியாவின் வித்துகள் எச்சத்தில் நீண்ட நாள் உயிரோடு கிடக்கும், இலையானும் பரப்பும். அதற்குப் பிறகு கம்பிவலைத் தளத்தில்தான் வளர்க்கிறேன், எச்சம் கீழே விழுந்துவிடும்.

நிலாவெளிக் காடை:
நன்றி அக்கா, நன்றி அண்ணை. பின்பக்கம் சுத்தமாகத்தான் இருக்கிறது. விடிய இரண்டு செத்தன, ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டேன், எட்டரைக்குக் கொண்டுபோகிறேன்.